பிரி எட்டாத வருஷம்

ராகிக் கட்டுக்குப் பிரி திரிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். நாலைந்து தாளை எடுத்து இரண்டு பாகமாக்கி, கதிர்ப் பக்கம் முடிந்து, ஒரு முறுக்கு முறுக்கினால் கட்டைச் சுற்றி வரும் நீளம் கிடைத்துவிடும். அரிவாள் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக்கூட இந்த வேலை தெரிந்திருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம், மைசூரு மாவட்டம் ஹுணசூர் தாலுக்காவில் ஒரு மானாவாரிக் கொல்லையில், எழுபத்தெட்டு வயது அவ்வா திரித்த பிரி கட்டைச் சுற்றி வரவில்லை. நாலு விரற்கடை குறைந்தது. அவிழ்த்துவிட்டு வேறு தாளில் திரித்தார். அதுவும் எட்டவில்லை.

இடுப்பளவு நிற்க வேண்டிய பயிர், முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. தாள் குட்டையானால் பிரியும் குட்டைதானே. அவருடைய மகன், என் நண்பர், உரச்சாக்கின் வாயிலிருந்து உருவிய பிளாஸ்டிக் நூலை நீட்டினார். அவ்வா அதை வாங்கவில்லை. இரண்டு பிரியை ஒன்றாக முடிந்து அந்தக் கட்டைக் கட்டினார். "மாடு தின்னுறதுப்பா இது. நூலு வயித்துக்குள்ள போயிட்டா யாரு எடுக்குறது?" என்றார். அன்று முழுவதும் ஒவ்வொரு கட்டுக்கும் இரட்டைப் பிரிதான். வேலை இரண்டு பங்கு, கட்டு பாதி.

நான் தருமபுரிப் பக்கத்துக்காரன். மைசூரில் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ராகியை எங்கள் ஊரில் ஆரியம் என்போம், கேவுரு என்போம். இங்கே களிக்கு முத்தெ என்று பெயர். பெயர் மாறினாலும் உருண்டை அதேதான், தொட்டு விழுங்கும் பக்குவமும் அதேதான். நண்பர் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஊரில் தாயும், இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும், இரண்டு மாடும். அறுப்புக்கு ஆள் போதாது, வந்து கூட நில்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நான் போனபோது தாய்க்கும் மகனுக்கும் ஒரு வாக்குவாதம் முடிந்திருந்தது. இதை அறுக்கவே வேண்டாம், மாட்டை அவிழ்த்து மேய விட்டுவிடலாம் என்பது மகன் கட்சி.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்தில் அந்த இரண்டு ஏக்கர் பதினாறு குவிண்டால் தந்த நிலம். இந்த முறை கண்மதிப்புக்கு நாலு, மிஞ்சிப் போனால் நாலரை. அரசு அந்தப் பருவத்துக்கு அறிவித்திருந்த ஆதார விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். நாலரையை அதால் பெருக்கினால் 17,307. அறுக்க எட்டுப் பெண்கள், இரண்டு நாள், ஆளுக்கு 400 ரூபாய் என்றால் 6,400. களத்தில் டிராக்டர் ஓட்டக் கூலி வேறு. உழவுக்கும் எருவுக்கும் களையெடுப்புக்கும் ஏற்கெனவே பதினைந்தாயிரம் மண்ணுக்குள் போயிருந்தது. இயந்திரத்தால் அறுக்கவும் வழியில்லை. அந்தப் பக்கத்துக்கு அறுவடைக் காலத்தில் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து வண்டிகள் வரும். அந்த வருஷம் வந்த ஓட்டுநர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு குட்டைப் பயிரை வண்டி வாரி எடுக்காதுண்ணே, டீசல்தான் வீணாகும்" என்று தமிழில் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது உழவனின் புலம்பல் என்று விளக்கம் எழுதிப்போட்டு, பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு என்னால் அந்த விளக்கத்தைச் சொல்ல முடியாது.

வருஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சீமையில் மழைக்கு நட்சத்திரத்தின் பெயர் வைத்துத்தான் பேசுவார்கள். ரோகிணி மழை, ஆருத்ரா மழை, புஷ்ய மழை. சூரியன் அந்தந்த நட்சத்திரத்தில் நிற்கும் பதின்மூன்று, பதினான்கு நாளில் பெய்வது அந்த மழை. அவ்வாவின் நிலத்தில் விதைப்பு புஷ்யத்துக்கு நடந்தது, ஜூலைக் கடைசியில். அடுத்து வந்தது ஆயில்யம், அதற்கடுத்து மகம். ஆகஸ்ட் மாதம் ஏறத்தாழ முழுவதும் இந்த இரண்டுக்குள் அடக்கம். 1901இலிருந்து வானிலைத் துறை வைத்திருக்கும் பதிவில் இந்தியாவுக்கே அதைவிட வறண்ட ஆகஸ்ட் கிடையாது. பசிபிக் கடலில் எல் நினோ எழுந்த வருஷம் அது. செப்டம்பரில் கர்நாடகம் 195 தாலுக்காக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. பிறகு அந்த எண்ணிக்கை, மொத்தமுள்ள 236இல் 223 ஆனது. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததும் அதே 2023தான். நாட்டின் ராகியில் பாதிக்கும் மேல் விளைவிக்கும் மாநிலம், தன் தானியத்துக்கு உலகம் மரியாதை செய்த வருஷத்தில், அந்தத் தானியத்தைக் கருகக் கொடுத்துவிட்டு நின்றது.

கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜ சாகர், 124.80 அடியைத் தொடவில்லை. செப்டம்பர் 26இல் பெங்களூரு பந்த், 29இல் மாநில பந்த். தொலைக்காட்சியில் காவிரி, காவிரி என்று ஒரே முழக்கம். கீழே டெல்டாவில் குறுவை காய்ந்துகொண்டிருந்தது. இங்கே மண்டியாவில் நெல்லும் கரும்பும் காய்ந்துகொண்டிருந்தன. இந்த ஊரில் இத்தனை வருஷம் வாழ்ந்த தமிழனாக அந்த நாட்களில் என் மனம் என்ன பாடுபட்டது என்பது எனக்குத்தான் தெரியும். அறுப்பின் இடையில் அதைப் பற்றி அவ்வாவிடம் பேச்செடுத்தேன். அவர் அரிவாளை நிறுத்தவில்லை. "அந்தத் தண்ணி எங்க கொல்லைக்கு எப்ப ஏறி வந்துச்சு மேஷ்ட்ரே? பெரிய வருஷத்துலயும் வராது, சின்ன வருஷத்துலயும் வராது. எங்களுக்கு மேல இருந்து விழுறதுதான்" என்றார்.

கன்னடத்தில் குஷ்கி, தமிழில் மானாவாரி. ஆற்றைப் பங்கு போடும் எந்தத் தீர்ப்பிலும் இந்த நிலத்துக்குப் பங்கு கிடையாது. ஹுணசூர் மேட்டுக் கொல்லைக்காரரும் பென்னாகரம் மேட்டுக் கொல்லைக்காரரும் ஒரே மேகத்தைப் பார்த்து நிற்பவர்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் வழக்கென்று ஒன்று இருக்கவே முடியாது. இதை அந்தச் செப்டம்பரில் யாராவது உரக்கச் சொல்லியிருக்கலாம்.

இனி ராகி. மழை நின்றால் நெல் அழும், ராகி வாயை மூடிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் ஒரு பெரியவர் சொல்வார். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. மகத்தில் போய்ப் பார்த்தபோது இலைகள் சுருண்டு, ஊசி ஊசியாக, சாம்பல் பூத்த மாதிரி நின்றன. செத்துவிட்டது என்று நான் நினைத்தேன். செப்டம்பர் நடுவில், உத்திரத்தில், ஒரு பாட்டம் மழை. நாலாம் நாள் இலை விரிந்திருந்தது. வளர்வதை நிறுத்தி, இருக்கும் ஈரத்தை வேரில் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த பயிர் இது. ஆனால் காத்திருந்த நாளுக்கு விலை உண்டு. தூர் கட்ட வேண்டிய நாட்களில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தூர் இல்லை. நாலு கதிர் வர வேண்டிய இடத்தில் ஒன்று, அந்த ஒன்றும் சிறிசு. ராகிக் கதிரை மூடிய கைவிரல்களுக்கு ஒப்பிடுவார்கள். அந்த வருஷத்துக் கதிர் குழந்தையின் கை மாதிரி இருந்தது.

இந்தப் பயிர் இங்கே பிறந்ததல்ல. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் மனிதர் பழக்கிய புல் இது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்து இந்தச் செம்மண்ணில் குடியேறிவிட்டது. மண்டியா வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா என்று ஒரு பயிர் விஞ்ஞானி இருந்தார். ஊர் அவரை 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தது. ஆப்பிரிக்க ராகியையும் இந்திய ராகியையும் இணைசேர்த்து அவர் கொண்டுவந்த ரகங்களுக்கு இண்டாஃப் என்று பெயர். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய பெயர். ராகிப் பூ கடுகைவிடச் சிறிசு. அதில் தன் மகரந்தத்தை நீக்கி இன்னொன்றைச் சேர்ப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள். பிரிந்துபோன இரண்டு பங்காளிகளை ஆயிரமாயிரம் வருஷத்துக்குப் பிறகு ஒரு கொல்லையில் சேர்த்து வைத்தார் அந்த மனிதர். மைசூர்ச் சீமையின் பல லட்சம் உருண்டைகளில் அவருடைய கைவேலை இருக்கிறது. மைசூரில் என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. அதில் வாத்தியாரான எனக்கும் பங்குண்டு.

அவ்வாவின் நிலத்தில் பெரும்பகுதி ஜி.பி.யு. 28, கடையில் வாங்கும் விதை. ஓரத்தில் ஐந்து சென்ட் மட்டும் அவர் மாமியார் காலத்திலிருந்து வரும் நாட்டு ராகி. ஆறேழு சாலுக்கு ஒரு சால் மொச்சை. அதற்குள் அங்கங்கே துவரை, வரப்போரம் ஆமணக்கு. இதற்கு அக்கடிச் சால் என்று பெயர். ராகியை அறுக்கும்போது இந்தச் சால்களை விட்டுவிட்டுத்தான் அறுக்க வேண்டும். மார்கழிப் பனியைக் குடித்தே மொச்சை காய்க்கும். ராகிக்கு மழை வேண்டிய மாதத்தில் மொச்சை சும்மா இருக்கும், மழையே வராத மாதத்தில் பூக்கும். ஒரே நிலத்தில் இரண்டு வேறு வானத்தை நம்பி விதைத்து வைத்திருக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு மாதிரி நிலம் பார்க்க வந்த இளைஞர் கலப்புப் பயிரைத் தாளில் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் விழித்ததாக நண்பர் சொன்னார். காப்பீடு அந்த மொச்சைச் சாலில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன் அவ்வா என்னைக் கூட்டிக்கொண்டு தனியாகக் கொல்லைக்குப் போனார். கையில் ஒரு பழைய துணிப்பை. அறுக்காமல் நின்ற பகுதியில் சால் சாலாக நடந்தார். ஒவ்வொரு கதிராக விரலால் தொட்டுப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தார். எப்போதாவது ஒன்றை நகத்தால் கிள்ளிப் பையில் போட்டார். சூரியன் ஏறும்வரை பையில் சேர்ந்தது இரண்டு கை கொள்ளும் அளவு.

"பெரிய கதிரா இருக்கே அது, விட்டுட்டீங்களே" என்று ஒன்றைக் காட்டினேன்.

"அது பள்ளத்துல நிக்குது. தண்ணி தேங்குன எடம். அதுக்கு வறட்சி தெரியாது" என்றார். மேட்டில், கல் மண்ணில், பக்கத்துச் செடி எல்லாம் கருகிய இடத்தில், சின்னதானாலும் மணி நிறைந்து நின்ற கதிர்தான் அவர் தேடியது. விரலை அழுத்தி மணி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கிள்ளினார்.

விதை எடுக்க நல்ல வருஷம்தான் ஏற்றது என்று அதுவரை நினைத்திருந்தேன். நல்ல வருஷத்தில் எல்லாச் செடியும் நல்ல செடிதான். எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பொய்த்த வானம்தான் பிரித்துக் காட்டும். அந்தப் பரீட்சையில் தேறியவை அந்தக் கொல்லையில் நின்றிருந்தன. அறுக்காமல் மாட்டை விட்டிருந்தால் அவற்றையும் சேர்த்து மாடு மேய்ந்திருக்கும்.

எட்டுப் பெண்களும் ஏழு மணிக்கு வந்தார்கள். நல்ல வருஷத்தில் அந்த நிலத்தில் நாலைந்து நாள் வேலை இருக்கும் அவர்களுக்கு. இப்போது இரண்டே நாள். ஊரில் பாதிப் பேர் அறுக்கவே இல்லை, ஆதலால் அதற்குப் பிறகு வேலையும் இல்லை. வறட்சி நிவாரணம் என்று பேசும்போது இவர்கள் கணக்கில் வருவதில்லை. மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய் என்பது அப்போதைய பேரிடர் நிவாரண விதி. அது பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. ஜனவரியில் முதல் தவணையாக 2,000 ரூபாய்வரை வங்கியில் போடப்பட்டதும் அவர்களுக்கே. மத்திய அரசிடம் மாநிலம் கேட்ட தொகை 18,171 கோடி. அதற்காக 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. நூறு நாள் வேலையை 150 நாளாக்கவும் கேட்டார்கள். இவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவில், அறுப்பு நடக்காததால் போன கூலியை எழுதிக்கொள்ள ஒரு படிவம்கூட இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி, வெற்றிலையை மடித்துக்கொண்டே என் நண்பரிடம் சொன்னார்: "நீங்க அறுக்க மாட்டேன்னா உங்களுக்கு நஷ்டம் கம்மியாகும்ணா. எங்களுக்கு ரெண்டு நாள் சோறு போகும்." குறை சொல்லும் குரலே இல்லை. நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

நண்பர் அதன் பிறகு கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் களம். சாணி மெழுகிய வட்டத்தில் தாளைப் பரப்பி டிராக்டரை வட்டம் அடிக்க விட்டார்கள். இப்போது பலர் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுகிறார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுத்துவிடும். கல்லும் தாரும் கலந்த ராகியை மாவாக்கித் தின்ன அவ்வாவுக்கு இஷ்டமில்லை. பையில் கிள்ளி வந்த கதிர்களை மட்டும் டிராக்டர் பக்கமே விடவில்லை. தனியாக ஒரு சாக்கை விரித்து, தடியால் மெள்ளத் தட்டி உதிர்த்தார். மாலைக் காற்றில் முறம் கொண்டு தூற்றினார்கள். பதர் எழுந்து போன விதத்தைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. நல்ல வருஷத்தில் முறத்திலிருந்து மணி நேரே கீழே விழும், சொங்கு மட்டும் பறக்கும். அன்று மணியிலும் பாதி காற்றோடு போனது. உள்ளே மாவு இல்லாத மணி அது. ராகி மணி ஆயிரம் எண்ணி நிறுத்தால் ஏறத்தாழ மூன்று கிராம்தான். அதிலும் பொக்கு என்றால் காற்றுக்கு என்ன சிரமம்?

குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் தலையில் சாணியில் ஒரு பெனகனைப் பிடித்து வைத்தார்கள்; நம் பிள்ளையார்தான். அருகம்புல் சொருகி, சூடம் காட்டி, அவ்வா கொளகத்தைக் கையில் எடுத்தார். கொளகம் என்பது இந்தச் சீமையின் பழைய படி; இருபது கொளகம் ஒரு கண்டகம். சர்க்காருக்குக் கிலோவில் சொல்லிக்கொள்வார்கள், களத்தில் இன்னும் கொளகம்தான். பேச்சு நின்றது. முதல் கொளகத்தை நிறைத்துச் சாக்கில் கொட்டும்போது அவர் வாயிலிருந்து வந்த சொல், 'ஒன்று' அல்ல.

"லாபா."

எங்கள் ஊர்க் களத்திலும் அப்படித்தான். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் என் தாத்தா அளப்பார். ஒன்று என்ற எண்ணே களத்தில் கிடையாது. அறியாத வயதில் அது எனக்கு வேடிக்கை, படித்த வயதில் மூடநம்பிக்கை. அந்த மாலையில், நஷ்டம் என்று பைசா சுத்தமாகத் தெரிந்த ஒரு குவியலின் முன் அந்தக் கிழவி குரல் நடுங்காமல் "லாபா" என்றபோது, எனக்கு அது பொய்யாகப் படவில்லை. வேறொரு கணக்கின் முதல் எண்ணாகப் பட்டது. அவர் அளந்து முடிக்கும்வரை நின்று பார்த்தேன், அந்தக் கணக்கு என்ன என்று பிடிபடும்வரை.

அளந்ததை அவர் பிரித்த வரிசை இது. முதலில் விதை. தட்டி உதிர்த்த விதையைச் சாம்பலில் புரட்டி, புங்க இலை போட்டு, மண் பானையில் கட்டி வைத்தார். அது போதாதென்று குவியலிலிருந்தும் நல்ல மணியாகப் பத்துக் கிலோ தனியே எடுத்தார். இரண்டு ஏக்கருக்கு அது தாராளம். அடுத்து அறுத்த பெண்கள் எட்டுப் பேருக்கும் கூலிக்கு மேல் ஆளுக்கொரு முறம். தமிழ்நாட்டில் பழைய நாளில் களத்தில் அளக்கப்பட்ட இப்படிப்பட்ட பங்குக்குச் சுதந்திரம் என்றே பெயர் இருந்தது. அந்தப் பங்கில் சாதியின் கொடுமையும் கலந்தே இருந்தது. அதை மறைத்து அழகு பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் விளைந்ததில் உழாதவருக்கும் உரிமை உண்டு என்பதைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருந்திருக்கிறது, அதுவும் இந்தச் சொல். பிறகு கோயிலுக்கு ஒரு படி. தாள் முழுவதும் மாட்டுக்கு. அந்தக் கோடையில் காசு கொடுத்தாலும் தீவனம் கிடைக்காது என்று அப்போதே தெரிந்திருந்தது. கடைசியில் மிஞ்சியது வீட்டுக்கு. விற்க ஒன்றுமில்லை.

அப்படியானால் வீட்டார் அந்த வருஷம் என்ன சாப்பிட்டார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று மத்தியானம் எங்களுக்குப் போட்ட முத்தெ 2022இன் ராகி. அந்த வருஷம் அளவுக்கு மிஞ்சிப் பெய்த வருஷம். அந்த விளைச்சலில் ஆறு மூட்டையை விற்காமல் நிறுத்தி வைத்திருந்தார் அவ்வா. பஞ்சத்துச் சோறு பஞ்ச வருஷத்தில் விளைவதே இல்லை. அது அதற்கு முந்திய வருஷத்தில், யாரும் பஞ்சத்தை நினைக்காத ஒரு நாளில், விற்கலாமா வைக்கலாமா என்று ஒரு பெண் யோசித்த நிமிஷத்தில் விளைகிறது. அதேபோல் இந்தக் குட்டைத் தாளும் சிறு குவியலும் 2023க்கானவை அல்ல. விதை அடுத்த ஆடிக்கு, தாள் அடுத்த கோடைக்கு. எந்த வருஷமும் தன் விளைச்சலைத் தானே தின்பதில்லை. நல்ல வருஷத்தில் மூட்டைகள் கண்ணை மறைத்துவிடுவதால் இது தெரிவதில்லை. அறுப்பு என்பது ஒரு வருஷம் தனக்குச் செய்துகொள்வது என்றுதான் நானும் என் நண்பரும் கணக்குப் போட்டோம், ஆகவே நஷ்டம் வந்தது. போன வருஷம் கொடுத்ததைத் தின்று, வரும் வருஷத்துக்குக் கொடுக்கும் இடத்தில் நிற்கிறோம் என்று கணக்குப் போடுபவருக்கு முதல் படி லாபம்தான். கொடுக்க ஏதோ கைக்கு வந்துவிட்டதே.

இந்த அறிவு ஒரு காலத்தில் இந்தச் சீமையில் மண்ணுக்கு அடியில் இருந்தது. ஹகேவு என்பார்கள், வீட்டு முற்றத்திலோ தெருவிலோ குடம் போல வாய் சிறுத்து வயிறு பெருத்த குழி. சுவரில் வைக்கோல் பிரி சுற்றி, ராகியைக் கொட்டி, மேலே கல் மூடி, மண் பூசிவிடுவார்கள். ராகியைப் பூச்சி எளிதில் தொடாது. வருஷக்கணக்கில் கிடக்கும். திறக்கும்போது உள்ளே உடனே இறங்கக் கூடாது. நச்சுக் காற்று ஆளை விழுங்கிவிடும். விளக்கை இறக்கி, அது அணையாமல் நிற்கிறதா பார்த்துத்தான் ஆள் இறங்குவார். 16ஆம் நூற்றாண்டில் கனகதாசர் இந்தத் தானியத்துக்கு ஒரு காவியமே எழுதினார், ராமதான்ய சரிதெ. நெல்லும் ராகியும் யார் பெரியவர் என்று சண்டை போட, ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறார். நெல் கெட்டுப்போகிறது, ராகி வாடாமல் வெளியே வருகிறது, ராமர் தன் பெயரையே அதற்குக் கொடுக்கிறார். அந்தக் கதையை உயர்வு தாழ்வு பற்றிய கதையாகப் படிப்பது வழக்கம், அது சரிதான். எனக்கு அதில் ஹகேவுக் குழியும் தெரிகிறது. இருட்டில் அடைபட்டும் கெடாமல் இருப்பதுதானே ராகி ஜெயித்த பரீட்சை?

குழி எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை இங்கும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாழ்ந்த மைசூர்ச் சமஸ்தானத்தில் பத்து லட்சம் பேருக்குமேல் செத்தார்கள். அடுத்தடுத்து வானம் பொய்த்தால் வீட்டுக் குழி என்ன செய்யும்? அப்போது வேண்டியது ஊர் தாண்டிய பெரிய குழி. இன்று அது இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து கர்நாடகத்தில் அன்னபாக்கியத்தில் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும், இன்னொரு ஐந்து கிலோவுக்குப் பதில் 170 ரூபாயும் கொடுத்தார்கள். அறுக்க வந்த எட்டுப் பெண்களின் வீட்டிலும் அந்த வருஷம் உலை கொதித்தது அந்த அரிசியால்தான். எங்கோ மழை பெய்த மண்ணில் விளைந்த அரிசி அது. ஹகேவு தானியத்தை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குக் கடத்தியது. ரேஷன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துகிறது. தாது வருஷத்தை நினைத்தால் அந்த ரேஷன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ரேஷன் இருக்கிறதே என்று வீட்டில் ஒரு மூட்டை நிறுத்தும் பழக்கம் போய்விட்டால், தாங்கும் தூண் இரண்டில் ஒன்றை நாமே உருவிப் போட்டவர்கள் ஆவோம்.

2024இல் ஜூலைக் கடைசிக்குள் கண்ணம்பாடி அணை நிறைந்தது. அவ்வாவின் கொல்லையில் ஐந்து சென்ட்டாக இருந்த நாட்டு ராகி இருபது சென்ட் ஆனது, பானையிலிருந்த விதையால். டிசம்பரில் மறுபடி போனேன். பயிர் இடுப்பளவு. பிரி சுற்றி வந்து, முடிந்த பிறகும் ஒரு சாண் மிஞ்சியது. குவியல் ஆள் மார்பளவு.

அளந்து முடித்த மறுநாள் அவ்வா முற்றத்தில் நின்ற ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார். அதன் அடியில் ஒரு கல். நெம்பித் தூக்கினால் பழைய ஹகேவு. முப்பது வருஷமாகத் திறக்கவில்லையாம். நண்பர் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினார். பாதியிலேயே சுடர் குறுகி அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அடியில் தண்ணீர் மின்னியது. தெருவில் போட்ட சாக்கடைக் குழாயின் கசிவு. அவ்வா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடு என்றார்.

அந்த வாரமே ஹுணசூர்ச் சந்தையிலிருந்து இரண்டு பெரிய தகர டிரம் வந்தது. கொள்முதல் நிலையத்துக்குப் போகவிருந்த மூட்டைகளில் ஐந்தைப் பிரித்து அதில் கொட்டினார்கள். அந்த வருஷம் ஆதார விலை 4,290. நண்பர் ஒரு நொடி தயங்கியது எனக்குத் தெரிந்தது, ஆனால் அவர்தான் கொட்டினார். மூடியை அழுத்தி மூடிவிட்டு, அடையாளத்துக்காகச் சாக்கட்டியால் டிரம்மின் மேல் 2024 என்று எழுதினார்.

அவ்வா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எந்த வருஷத்து ராகின்னு எழுதிட்டே. எந்த வருஷத்துக்குன்னு?"

நண்பர் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அதை மூடியின் மேல் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தாள் போடப் போனார்.